குறும்படமும் கல்வியும்: நாகராஜ் மஞ்சுளேயின் வாழ்வு தரும் பாடம்

(நம் கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவில் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர், பி.ஏ., பி.எட்., ஆற்றிய உரை)



இவ்விழாவில் உரையாற்றுமாறு நம்மைப் பணித்த கழகத்தார், இளைஞர்க்குப் பயன்படும் பொருள் எதுவாயினும் பேசலாம் என்று உரிமையும் அளித்தனர். நமக்கு முன் பேசிய அறிஞர்கள் போட்டித் தேர்வுகள் குறித்தும், அரசுப் பணிகள் குறித்தும், கல்வி உதவித்தொகை குறித்தும் அரிய கருத்துகளை எடுத்துரைத்தனர். நாம் சற்று வேறான பொருள் ஒன்றைத் தேர்ந்துள்ளோம். குறும்படம் ஒன்றினால் நாடறியப்பெற்று, பின்னர் உலகறிய உயர்ந்த மராட்டியத் திரைப்படக் கலைஞர் நாகராஜ் மஞ்சுளே அவர்களின் பணியே நம் பேச்சின் பொருள். "கல்விக் கழகத்தின் மேடையில் சினிமாவுக்கு என்ன வேலை?" என்று சிலர் எண்ணக்கூடும். அவர்கள் சற்றே பொறுத்துக் கேட்டருள வேண்டுகிறோம்.

இரு குரல்கள்

நம் தெருக்களில் இன்று இரு குரல்கள் ஒலிக்கின்றன. ஒன்று இளைஞர்களின் குரல். "கையில் செல்பேசி இருக்கிறது. அதில் படம் பிடிக்கலாம். படத்தை வெட்டி ஒட்டலாம். ஒரு குறும்படம் எடுத்துப் போட்டியில் வென்றால் இயக்குநர் ஆகிவிடலாம். இதற்குப் பட்டப்படிப்பு எதற்கு?" என்பது அவர்கள் கேள்வி. மற்றொன்று பெற்றோரின் குரல். "கூத்தும் சினிமாவும் நம் பிள்ளைகளைக் கெடுத்தது போதும். நாலு எழுத்துப் படித்து ஒரு வேலையில் அமர்ந்தால் அதுவே பெரிது. படம் எடுப்பதெல்லாம் பணமும் பின்புலமும் உடையவர்கள் செய்யும் வேலை" என்பது அவர்கள் முடிவு.

நெடுங்காலமாக அரசுப் பள்ளியில் பணியாற்றிவரும் நமக்கு இவ்விரு குரல்களும் பழக்கமானவை. பன்னிரண்டாம் வகுப்பில் இடையில் நின்றுவிட்ட மாணவனைத் தேடி வீட்டுக்குச் சென்றால், "படம் எடுக்கறேன்னு சிநேகிதப் பசங்களோட போயிட்டான் சார், நீங்களாவது சொல்லுங்க" என்று தாய் கண் கலங்குகிறார். அந்த மாணவனைக் கண்டு பேசினாலோ, "எங்க கதையை நாங்க சொல்லலேன்னா யார் சார் சொல்வாங்க?" என்று அவன் நம்மையே திருப்பிக் கேட்கிறான். தாயின் கண்ணீரும் பொய்யன்று. மகனின் கேள்வியும் பொய்யன்று. இவ்விருவர்க்கும் ஒருசேர விடை சொல்லும் வாழ்க்கை ஒன்று இருக்குமாயின் அதனை எடுத்துக் காட்டுவது நம் கடமையாகும். மஞ்சுளேயின் வாழ்வில் அவ்விடை இருக்கிறது எனக் கருதியே இப்பொருளை எடுத்துக்கொண்டோம்.

கல்லுடைக்கும் குலத்தில் தோன்றிய கவிஞர்

மகாராட்டிர மாநிலம் சோலாப்பூர் மாவட்டத்தில் கர்மாளா வட்டத்தைச் சேர்ந்த சிற்றூர் ஜேவூர். அவ்வூரில் 1977ஆம் ஆண்டு மஞ்சுளே பிறந்தார். அவருடைய சமூகம் வடார் எனப்படும். கல் உடைத்தலும் மண் வெட்டுதலும் அம்மக்களின் பரம்பரைத் தொழில். நம் நாட்டில் ஒட்டர் என்றும் போயர் என்றும் வழங்கப்படும் உழைப்பாளி மக்களின் உறவினர் இவர்கள். மகாராட்டிர அரசு இவர்களைச் சீர்மரபினர் பட்டியலில் வைத்துள்ளது. ஊருக்கெல்லாம் வீடு கட்டக் கல் கொடுத்தவர்கள் தாம் நிலையான வீடின்றி வாழ்ந்தார்கள் என்பதே இத்தகைய சமூகங்களின் வரலாறு.

மஞ்சுளே பள்ளியில் முதல் மதிப்பெண் பெற்று வளர்ந்தவர் அல்லர். பத்தாம் வகுப்புத் தேர்வில் அவர் தவறியவர். இச்செய்தியை இங்குள்ள மாணவர்கள் சிறப்பாகக் கருத வேண்டும். தவறியதோடு அவர் நின்றுவிடவில்லை என்பதே நாம் சுட்ட விரும்புவது. மீண்டும் படித்தார், கல்லூரி சென்றார், புனே பல்கலைக்கழகத்தில் மராத்தி இலக்கியத்தில் முதுகலைப் பட்டம் பெற்றார். அண்ணல் அம்பேத்கரின் எழுத்துகள் தம் சிந்தனையை மாற்றியமைத்தன என்று பிற்காலத்தில் அவர் பலமுறை கூறியுள்ளார். கவிதைகள் எழுதினார். வெயிலின் சூழ்ச்சிக்கு எதிராக என்று பொருள்படும் தலைப்பில் அவர்தம் மராத்திக் கவிதைத் தொகுதி வெளிவந்துள்ளது.

எனவே படம்பிடிக்கும் கருவியைத் தொடுவதற்கு முன்பே அவர் இலக்கியம் பயின்றவர், மொழி கைவரப்பெற்றவர். மராட்டிய மண்ணில் ஒடுக்கப்பட்டோர் தம் வாழ்வைத் தாமே எழுதிய இலக்கியப் பரம்பரை ஒன்று உண்டு. தயா பவார், பாபுராவ் பாகூல், நாம்தேவ் தசால் போன்றோர் வளர்த்த பரம்பரை அது. அந்நூல்களைக் கற்ற ஒருவர் கதை சொல்லத் தொடங்கும்போது எங்கே நின்று பேச வேண்டும் என்பதனை அறிந்தே தொடங்குகிறார்.

வகுப்பறையில் பிறந்த படம்

இனிக் குறும்படத்திற்கு வருவோம். முதுகலைப் பட்டம் பெற்ற பின்னரும் மஞ்சுளே படிப்பை நிறுத்தவில்லை. இன்று அகில்யாநகர் எனப் பெயர் மாற்றப்பட்டுள்ள அகமதுநகரின் கல்லூரி ஒன்றில் தகவல் தொடர்பியல் முதுகலை வகுப்பில் சேர்ந்தார். அவ்வகுப்பின் பாடப் பயிற்சியாக மாணவர்கள் சிறு படம் ஒன்று எடுக்க வேண்டியிருந்தது. அப்பயிற்சிக்காக அவர் எடுத்த படமே "பிஸ்துல்யா."

இளைஞர்களே, இதனை நீங்கள் நெஞ்சில் பதித்துக்கொள்ள வேண்டும். படிப்பை விட்டு ஓடி வந்த ஒருவர் எடுத்த படம் அன்று அது. கல்லூரி மாணவர் ஒருவர் தம் ஆசிரியரிடம் காட்டுவதற்காக எடுத்த வீட்டுப்பாடம். நாம் தமிழ் வகுப்பில் கட்டுரை எழுதச் சொல்கிறோம் அல்லவா? அதுபோல் அவர் எழுதிய கட்டுரை அது. எழுதுகோலுக்கு மாறாகக் கருவியைப் பயன்படுத்தினார், அவ்வளவே.

அப்படத்தின் கதை யாது? பிஸ்துல்யா பார்தி இனத்தைச் சேர்ந்த ஏழைச் சிறுவன். 1871ஆம் ஆண்டு ஆங்கிலேயர் கொண்டுவந்த குற்றப் பழங்குடிச் சட்டம், இன்ன சாதியில் பிறந்தவன் பிறப்பிலேயே குற்றவாளி என்று முத்திரை குத்தியது. அம்முத்திரைக்கு ஆளான மக்களுள் பார்திகளும் அடங்குவர். 1952ஆம் ஆண்டு சட்டம் நீங்கியது. முத்திரையோ மக்கள் மனத்திலிருந்து நீங்கவில்லை. அத்தகைய குடும்பத்துச் சிறுவன் ஒருவன் பள்ளிக்குச் செல்ல ஏங்குகிறான். வறுமை அவனைத் திருட்டின் பக்கம் இழுக்கிறது. புத்தகத்துக்கும் பசிக்கும் இடையில் அச்சிறுவன் படும் பாடே பிஸ்துல்யா.

இக்கதையைக் கண்டுபிடிக்க மஞ்சுளே வெளிநாடு செல்லவில்லை. பிறமொழிப் படங்களைப் பார்த்து ஒட்டுப் போடவும் இல்லை. தம் மாவட்டத்துச் சாலையோரங்களில் தாம் கண்ட பிள்ளைகளை அவர் மறக்காமல் இருந்தார். அதுவே அவருடைய மூலதனம்.

2010ஆம் ஆண்டுப் படங்களுக்கான 58ஆம் தேசியத் திரைப்பட விருதுகள் 2011ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டன. கதைப்படம் அல்லாத பிரிவில் முதல் முயற்சிக்கான சிறந்த இயக்குநர் விருது பிஸ்துல்யாவுக்குக் கிடைத்தது. மாணவர் ஒருவரின் பாடப் பயிற்சி நாட்டின் தலைநகரில் மேடையேறியது. அப்போது அவருக்கு வயது முப்பத்து மூன்று. இருபது வயதில் எல்லாம் கைகூடவில்லையே என்று சோர்ந்துபோகும் தம்பிமார் இக்கணக்கை நினைவில் வைத்துக்கொள்வது நன்று.

பரிசு திறந்துவிட்ட கதவு

பரிசு பெற்றவர் அத்தோடு அமைந்துவிட்டால் அப்பரிசு கண்ணாடிப் பேழையில் தூசு படிந்து கிடக்கும். மஞ்சுளே அப்பரிசைத் திறவுகோலாகக் கொண்டார். 2013ஆம் ஆண்டில் அவருடைய முதல் முழுநீளப் படமாகிய "ஃபன்றி" முடிவுற்றது. 2014 பிப்ரவரியில் மகாராட்டிரத் திரையரங்குகளுக்கு வந்தது. 61ஆம் தேசிய விருதுகளில், அந்நாளில் இந்திரா காந்தியின் பெயரால் வழங்கப்பட்டுவந்த சிறந்த அறிமுக இயக்குநர் விருதினை அது பெற்றது. குறும்படத்தில் முதல் முயற்சிக்கு ஒரு விருது. முழுநீளப் படத்தில் முதல் முயற்சிக்கு மற்றொரு விருது.

ஃபன்றி என்னும் சொல்லைக் கேட்டவுடனே தமிழர்க்கு ஓர் ஐயம் எழும். ஆம், அது நம் பன்றியே. அப்படத்தில் வரும் குடும்பம் கைக்காடி இனத்தைச் சேர்ந்தது. கைக்காடி மக்களின் பேச்சுமொழி திராவிடக் குடும்பத்தது. தமிழுக்கு மிக நெருங்கியது. மராட்டிய மண்ணில் கூடை முடைந்தும் பன்றி பிடித்தும் வாழும் அம்மக்களின் நாவில் நம் சொல் இன்றும் வாழ்கிறது. அவர்தம் துன்பமும் நமக்கு அயலானதன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அப்படத்தில் ஜப்யா என்னும் மாணவன் பள்ளியில் படிக்கிறான். ஊரில் பன்றித் தொல்லை என்றால் அவன் குடும்பத்தையே அழைக்கிறார்கள். பன்றியைத் துரத்திப் பிடிக்கும் வேளையில் பள்ளியில் நாட்டுப்பண் ஒலிக்கிறது. குடும்பம் முழுவதும் அசையாமல் நிற்கிறது. பன்றி தப்பி ஓடுகிறது. பின்னர்ப் பிடிபட்ட பன்றியைக் கம்பில் கட்டித் தூக்கிச் செல்லும்போது அவர்கள் கடந்து செல்லும் பள்ளிச் சுவரில் அண்ணல் அம்பேத்கர், சாவித்திரிபாய் பூலே ஆகியோரின் உருவங்கள் தீட்டப்பட்டுள்ளன. அங்கே எவரும் வசனம் பேசுவதில்லை. நூறு மேடைப் பேச்சுகள் சொல்லாததை அக்காட்சி சொல்லிவிடுகிறது. தன்னையும் தன் குடும்பத்தையும் எள்ளி நகைத்தவர்கள் மீது ஜப்யா வீசும் கல், படத்தின் முடிவில் பார்ப்போரை நோக்கியே வருகிறது.

ஜப்யாவாக நடித்த சோம்நாத் அவ்கடே நடிப்புப் பயின்றவர் அல்லர். நம் பறையை ஒத்த ஹல்கி என்னும் தோற்கருவியை ஊரில் முழக்கிக்கொண்டிருந்த சிறுவரை மஞ்சுளே கண்டெடுத்தார். சிறந்த குழந்தை நட்சத்திரத்துக்கான தேசிய விருது அச்சிறுவருக்குக் கிடைத்தது. பிஸ்துல்யாவாக நடித்த சூரஜ் பவாரையும் அவர் கைவிடவில்லை. ஃபன்றியில் ஜப்யாவின் தோழனாக அவரே வருகிறார். பின்னர் வந்த "சைராட்" படத்தில் நிலக்கிழாரின் செருக்கு மிக்க மகனாக நடித்தவரும் அவரே. தாம் உயரும்போது உடன் இருந்தோரையும் உயர்த்துவது எப்படி என்பதற்கு இதுவே சான்று.

சைராட் 2016ஆம் ஆண்டு பெர்லின் திரைப்பட விழாவில் காட்டப்பட்டது. அவ்வாண்டு ஏப்ரலில் திரையரங்குகளுக்கு வந்தது. மீனவர் வீட்டுப் பிள்ளைக்கும் நிலக்கிழார் வீட்டுப் பெண்ணுக்கும் இடையே மலர்ந்த காதலையும், சாதி வெறி அவர்களுக்கு இழைத்த கொடுமையையும் கூறும் படம் அது. நூறு கோடி ரூபாய்க்கு மேல் வசூலித்த முதல் மராத்திப் படம் என்னும் சிறப்பும் அதற்குண்டு. பள்ளி மாணவியாக இருந்த ரிங்கு ராஜ்குரு அதில் நடித்துத் தேசிய விருதுக் குழுவின் சிறப்புப் பாராட்டைப் பெற்றார். "நம் கதையைச் சொன்னால் யார் பார்ப்பார்கள்?" என்று கேட்போர்க்குச் சைராட்டின் வெற்றி போதிய விடையாகும்.

மீண்டும் குறும்படத்திற்கு

இனி நாம் கூறப்போவதே இவ்வுரையின் நடுநாயகமான செய்தி. நூறு கோடி வசூலித்த பின் ஒருவர் என்ன செய்வார்? இன்னும் பெரிய படம், இன்னும் பெரிய நடிகர் என்று விரைவது உலக வழக்கம். மஞ்சுளே சைராட்டுக்கு அடுத்த ஆண்டிலேயே, அதாவது 2017இல், மீண்டும் ஒரு குறும்படம் எடுத்தார். மராத்தியில் அதன் பெயர் "பாவ்சாச்சா நிபந்த்". அதாவது, மழையைப் பற்றிய கட்டுரை.

பள்ளியில் ஆசிரியர் மழையைப் பற்றிக் கட்டுரை எழுதிவரச் சொல்கிறார். ஏழை வீட்டுச் சிறுவன் ஒருவன் வீடு திரும்புகிறான். மழை பெய்கிறது. கூரை ஒழுகுகிறது. தந்தையோ குடியில் கிடக்கிறார். வீட்டில் உள்ளோர் மழையோடு போராடும் அவ்விரவில் அவன் மழையின் அழகைப் பற்றிக் கட்டுரை எழுத வேண்டும்! கதை இவ்வளவே. இப்படத்துக்காக 65ஆம் தேசிய விருதுகளில், கதைப்படம் அல்லாத பிரிவின் சிறந்த இயக்குநர் விருது 2018இல் மஞ்சுளேக்கு அறிவிக்கப்பட்டது. சிறந்த ஒலிப்பதிவுக்கான விருதும் இப்படத்தைச் சேர்ந்தது. மழை பெய்யும் ஓசையே அப்படத்தில் ஒரு பாத்திரம் என்றால் மிகையாகாது.

2022இல் கொரோனாக் காலத்தைப் பற்றிய குறும்படத் தொகுப்பு ஒன்றில் "வைகுண்ட்" என்னும் படத்தை இயக்கித் தாமே நடித்தார். அதில் அவர் ஏற்றது சுடுகாட்டில் பிணம் எரிக்கும் தொழிலாளியின் வேடம். நோய்க்கு அஞ்சி ஊரே கதவடைத்த நாளில், ஊராரின் பிணங்களை எரித்தவனுக்குக் குடியிருக்க வீடு மறுக்கப்படும் கொடுமையை அப்படம் காட்டுகிறது. அத்தொழில் நம்மவர் தலையில் தலைமுறை தலைமுறையாகச் சுமத்தப்பட்டு வந்தது என்பதை இவ்வவையில் நாம் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே, குறும்படம் என்பது பெரிய படத்துக்கு ஏறிச் செல்லும் படிக்கட்டு மட்டுமே என்று எண்ணுதல் கூடாது. திருக்குறள் இரண்டே அடியில் அமைந்ததனால் அதனைச் சிறு நூல் என்று எவரேனும் கூறுவரோ? சில உண்மைகள் கால் மணி நேரத்திலேயே முழுமையாகச் சொல்லத்தக்கவை. அவற்றை மூன்று மணி நேரமாக நீட்டினால் நீர்த்துவிடும். இதனை நன்கு உணர்ந்தமையால்தான் புகழ் வந்த பின்னும் மஞ்சுளே குறும்படத்தை விடவில்லை.

ஆசிரியர்க்குக் கூறும் செய்தி

ஆசிரியப் பணியில் இருக்கும் நமக்கு இப்படங்களில் ஒரு பொதுத் தன்மை புலப்படுகிறது. எல்லாவற்றிலும் பள்ளிக்கூடம் வருகிறது. பிஸ்துல்யாவுக்கு அது எட்டாத இடம். ஜப்யாவுக்கு அது எள்ளலுக்கு ஆளாகும் இடம். மழைக் கட்டுரைச் சிறுவனுக்கு அது தன் வீட்டின் நிலையை அறியாத இடம். சைராட்டில் கல்லூரி ஆசிரியர் ஒருவரையே நிலக்கிழாரின் மகன் வகுப்பில் வைத்துக் கன்னத்தில் அறைந்துவிடுகிறான். கல்வியே நம்மை உயர்த்தும் என்று கூறும் நாம், கல்விச்சாலையின் உள்ளே நம் பிள்ளை எப்படி நடத்தப்படுகிறான் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று இப்படங்கள் வற்புறுத்துகின்றன.

மழையைப் பற்றி எழுது என்று சொல்லும் ஆசிரியர், மயில் ஆடியது, மண் மணந்தது என்னும் வரிகளையே எதிர்பார்த்தல் ஆகாது. "எங்கள் வீட்டில் ஒழுகிய இடத்தில் அம்மா பாத்திரம் வைத்தாள்" என்று ஒரு மாணவன் எழுதினால், அதுவே அவ்வகுப்பின் சிறந்த கட்டுரை என்று மதிப்பெண் இடும் மனம் ஆசிரியர்க்கு வேண்டும். அம்மாணவனே நாளைய கவிஞன், நாளைய இயக்குநன்.

மஞ்சுளேயின் படைப்பில் ஆசிரியர்க்குப் பெருமை சேர்த்த படமும் ஒன்றுண்டு. 2022இல் வெளிவந்த "ஜுண்ட்" என்னும் இந்திப் படம் அது. நாகபுரியில் சேரிப் பிள்ளைகளுக்குக் கால்பந்து கற்பித்து அவர்களை நல்வழிப்படுத்திய விளையாட்டு ஆசிரியர் விஜய் பார்சே அவர்களின் வாழ்வைத் தழுவி எடுக்கப்பட்டது. அவ்வாசிரியர் வேடத்தில் நடித்தவர் அமிதாப் பச்சன். ஒரு பந்தும் ஓர் ஆசிரியரும் போதும், வழிதவறிய கூட்டம் அணியாக மாறும் என்பதை அப்படம் காட்டியது.

போட்டிகளைப் பற்றி

போட்டியில் கலந்துகொள்ள விரும்பும் இளைஞர்க்குச் சில நடைமுறைச் செய்திகளைக் கூற விரும்புகிறோம். தேசிய விருதுக்குப் படம் அனுப்பப் பொதுவாகத் தணிக்கைச் சான்றிதழ் தேவை. அந்தந்த ஆண்டிலேயே சான்றிதழ் பெற்றிருக்கவும் வேண்டும். மும்பையில் 1990 முதல் ஆவணப்படங்களுக்கும் குறும்படங்களுக்குமான பன்னாட்டு விழா ஈராண்டுக்கு ஒருமுறை நடந்துவருகிறது. திருவனந்தபுரத்தில் கேரள அரசின் திரைப்பட அகாதெமி 2008 முதல் இத்தகைய விழாவை நடத்திவருகிறது. ஜெர்மனியின் ஓபர்ஹவுசன் நகரில் 1954 முதல் குறும்படங்களுக்கென்றே விழா எடுக்கிறார்கள்.

தமிழ்நாட்டிலும் கலைஞர் தொலைக்காட்சி நடத்திய "நாளைய இயக்குநர்" போட்டியின் வழியாகக் கார்த்திக் சுப்புராஜ், நலன் குமரசாமி முதலியோர் திரைத்துறைக்குள் நுழைந்தனர். அவர்களுள் கார்த்திக் சுப்புராஜ் பொறியியல் படித்தவர். படிப்பு அவருக்கும் தடையாக இருக்கவில்லை என்பதைக் காண்க.

ஆயின் எல்லாப் போட்டிகளும் ஒரு தன்மையன அல்ல. நுழைவுக் கட்டணத்தைப் பெற்றுக்கொண்டு, கேட்டவர்க்கெல்லாம் சான்றிதழ் வழங்கிவிடும் போலி விழாக்களும் பெருகியுள்ளன. கட்டணம் செலுத்துமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். நடுவர்கள் யாவர்? படம் மக்கள் முன் உண்மையாகவே திரையிடப்படுமா? முன்னர்ப் பரிசு பெற்றவர்கள் இன்று என்ன செய்கிறார்கள்? இம்மூன்றுக்கும் தெளிவான விடை கிடைக்காவிடில், அப்பணத்துக்குப் புத்தகம் வாங்குங்கள். தாய் நூறு நாள் வேலைக்குச் சென்று ஈட்டிய பணத்தைச் சான்றிதழ் வணிகர்களிடம் கொடுத்தல் தகாது.

படம் எடுக்குமுன் கதையைத் தாளில் எழுதுங்கள். எழுதியதைப் பத்துப் பேரிடம் படித்துக் காட்டுங்கள். பேச்சு தெளிவாகக் கேட்காத படத்தை எவரும் இறுதிவரை பார்க்க மாட்டார்கள். ஆதலால் படத்துக்குச் செலுத்தும் கவனத்தை ஒலிக்கும் செலுத்துங்கள். பிறர் இசையை இசைவின்றி எடுத்துச் சேர்க்காதீர்கள். நல்ல படமும் அக்காரணத்தால் போட்டியிலிருந்து விலக்கப்படலாம். வெளிமாநிலத்தார்க்கும் புரியும்படி ஆங்கிலத்தில் வசன வரிகள் இடுங்கள். அதற்கேனும் ஆங்கிலம் கற்க வேண்டும் என்பதை நாம் கூறாமலே அறிவீர்கள்.

போட்டியில் பரிசு கிட்டாவிடினும் மனம் தளர வேண்டா. பரிசு நடுவர்களின் கையில் இருக்கிறது. படைப்பின் உண்மை உங்கள் கையில் இருக்கிறது. பரிசுக்காக நம் வாழ்வை அழுகையாக மட்டும் காட்டி இரக்கம் தேடுவதும் வேண்டா. நம் தெருவில் துன்பமும் உண்டு. சிரிப்பும் உண்டு, காதலும் உண்டு, வீரமும் உண்டு. பிறர் நம்மைப் பார்த்து இரங்கும்படி எடுப்பது வேறு. நம்மை மனிதராக மதிக்கும்படி எடுப்பது வேறு. மஞ்சுளே பின்னதையே செய்தார்.

பெரியோர்க்கும் இளைஞர்க்கும்

அண்ணல் அம்பேத்கர் 1920ஆம் ஆண்டு "மூக்நாயக்" என்னும் இதழைத் தொடங்கினார். வாய்பேச இயலாதோரின் தலைவன் என்பது அப்பெயரின் பொருள். 1945இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவினார். அடுத்த ஆண்டு பம்பாயில் சித்தார்த்தா கல்லூரி தோன்றியது. இதழும் கல்லூரியும் ஆகிய இரண்டுமே அவர் கண்ட வழிகள். நம் குரலை நாமே ஒலிப்பதும், அதற்குரிய கல்வியைப் பெறுவதும் ஒரே பணியின் இரு பகுதிகள் என்பதே அதன் கருத்து. அன்று இதழ் செய்த பணியை இன்று குறும்படமும் செய்ய இயலும்.

ஆதலின் கழகப் பெரியோர்க்கு நாம் பணிவுடன் மூன்று வேண்டுகோள் விடுக்கிறோம். முதலாவது, ஆண்டுதோறும் நடத்தும் கட்டுரைப் போட்டி, பேச்சுப் போட்டிகளோடு குறும்படப் போட்டி ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள், கட்டணம் வேண்டா, பத்து நிமிடத்துக்கு மேற்படாதிருக்கட்டும். இரண்டாவது, அதில் கலந்துகொள்ள ஒரே ஒரு நிபந்தனை விதியுங்கள்: பங்கு பெறுவோர் பள்ளியிலோ கல்லூரியிலோ படித்துக்கொண்டிருக்க வேண்டும் அல்லது படிப்பை முடித்திருக்க வேண்டும், இடையில் நின்றவர் மீண்டும் சேர்ந்துவிட்டால் அவர்க்கும் இடம் உண்டு. மூன்றாவது, பரிசு பெற்ற படங்களை நம் தெருவிலேயே திரை கட்டிக் காட்டுங்கள். பிள்ளை எடுத்த படத்தைத் தாய் பார்க்கட்டும். அதன்பின் அவர் கண்ணில் வரும் நீர் வேறு வகையினதாக இருக்கும்.

பெற்றோரே, உங்கள் பிள்ளை கதை சொல்ல விரும்பினால் தடுக்காதீர்கள். கல்லுடைக்கும் குலத்தில் பிறந்தவரின் கதையை நாடே கேட்டது. இளைஞர்களே, கதை சொல்வதற்காகப் படிப்பை விடாதீர்கள். மஞ்சுளேயின் முதல் படம் கல்லூரி வகுப்பறையிலிருந்தே வெளிவந்தது. பள்ளிக்கு ஏங்கிய சிறுவனையே அது பாடியது. பட்டம் பெறுங்கள், பணியும் தேடுங்கள், நூல்களைப் படியுங்கள், அதன்பின் கருவியைக் கையில் எடுங்கள். உங்கள் படம் எந்த நடுவர் முன் சென்றாலும் தலை நிமிர்ந்து நிற்கும்.

வெள்ளி விழாக் கண்ட நம் கழகம் பொன்விழாக் காணும் நாளில், இதே மேடையில் நம் பிள்ளைகள் எடுத்த படங்கள் திரையிடப்பட வேண்டும். அவற்றை எடுத்தோர் பெயருக்குப் பின்னால் பட்டங்களும் இருக்க வேண்டும். அந்நாளைக் காண்பதற்கு இன்றே உழைக்கத் தொடங்குவோம்.